பல் இல்லாத இடத்துப் பல்வலி

எனக்கு இடது பக்கக் கீழ்ப் பல்முரசில் கடைசிப் பற்கள் இல்லை. அவற்றைப் பிடுங்கிப் பல வருடமாகிவிட்டது. அந்த வெறும் முரசில்தான் ஒருநாள் பல்வலி வந்தது. பல் இருந்த காலத்தில்கூட அப்படி வலித்ததில்லை. முரசில் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறி, பிறகு இடது கையின் சுண்டுவிரலிலும் பக்கத்து விரலிலும் இறங்கி மரத்துப்போகும். அதோடு கொட்டாவி. நித்திரைக் கொட்டாவி இல்லை. ஒன்று முடிய மற்றொன்று, தாடை கழன்றுவிடும் போல வரும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகப் போய்விடும். போன பிறகு, வந்தது உண்மைதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

முதல் தரம் அது வந்தது அக்காவின் வீட்டில், அக்காவைப் பார்க்க வந்தவர்கள் நிறைந்திருந்தபோது.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. எங்கள் வளவு வாவிக்கரையோரம். முன்வீடு அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது, பின்வீடு எனக்கு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு; ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். அக்காவுக்கு மூன்றும் பெண். மூவரும் மாப்பிள்ளை எடுத்து, அந்த வளவைச் சுற்றியே வீடு கட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒரே ஒரு மகன். அவன் வெல்லாவெளியில் கலியாணம் முடித்து, மனைவியின் வயல் வட்டையை விதைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான். நல்ல பிள்ளை, வெட்டு முடிந்தால் புது அரிசி கொண்டு வருவான். ஆனாலும் காலையில் கதவைத் திறந்தால் என் கண்ணில் முதலில் படுவது அக்கா வீட்டுக் கொடியில் காயும் உடுப்புகள்தான். குழந்தைச் சட்டை, பள்ளிக்கூடச் சட்டை, பெரியவர்களின் சாரம், எல்லாம் காற்றில் ஆடும். என் கணவர் போன பிறகு என் கொடியில் ஒரு சேலையும் ஒரு துவாயும்தான்.

அக்கா எனக்கு ஒரு குறையும் வைத்தவளல்ல. அது இன்னும் கஷ்டம். இறால் ஆக்கினால் ஒரு கோப்பையில் எனக்கும் வரும். அந்தக் கோப்பையைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகும்போதுகூட, இவ்வளவு இறால் இவள் வீட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். அவளுக்குக் கதைக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே யாராவது என் பெயரைக் கேட்டால் அக்காதான் சொல்லுவாள். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும், வாத்தியார் கேட்டதற்கு எழுந்து பதில் சொல்ல வெட்கப்பட்டுத்தான்.

போன வருடம் அக்காவுக்கு நெஞ்சு நோ வந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த மாதிரியான நோ. நெஞ்சைப் பொத்திக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, கதிரையில் சாய்ந்தாள். பார்த்தவர்களுக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்று உடனே விளங்கியது. ஓட்டோவில் ஏற்றி, பாலம் கடந்து, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சுக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பாம். சின்ன வலை ஒன்றை உள்ளே வைத்துச் சரிப்படுத்தி அனுப்பினார்கள்.

பிறகுதான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வாழைச்சேனையிலிருந்து, கிரானிலிருந்து, பெயர் மறந்துபோன சொந்தமெல்லாம் வந்தது. அப்பிள், திராட்சை, பால்மா, பிஸ்கட் என்று மேசையில் இடமில்லை. அக்கா முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கால் நீட்டி இருந்து, நடந்ததைச் சொல்லுவாள். கைமணிக்கட்டால் குழாய் விட்டதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டுவாள். அங்கே ஒரு புள்ளிதான் இருந்தது. அதை எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். நான் குசினியில் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரத்து வாங்குப் பலகையில் போய் இருப்பேன். வந்தவர்கள் கோப்பையை எடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவ்வளவுதான்.

அப்படி இருந்த ஒரு பின்னேரம் என் நெஞ்சு படபடவென்று அடித்தது. பிறகு அந்த வெறும் முரசு நோகத் தொடங்கியது.

முதலில் பல் டொக்டரிடம் போனேன். அந்தப் பிள்ளை என் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இதில பல்லே இல்லையே, எந்தப் பல் நோகுது?" என்று கேட்டாள். "இல்லாத பல்," என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, படம் பிடித்துப் பார்த்தாள், வேரும் மிச்சமில்லை என்றாள். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னாள். இதை வீட்டில் வந்து சொன்னதுதான் நான் விட்ட பிழை. அக்காவின் கடைசி மகளுக்கு அன்றிலிருந்து நான் ஒரு பகிடி. "அம்மாக்கு வலை வெச்சாங்க. சின்னம்மாக்குப் பல் வெக்கணும் போல," என்பாள்.

அடுத்து எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சு நோகிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன், நெஞ்சு நோகவில்லைத்தானே. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. என்றாலும் வயதைப் பார்த்து ஈசிஜி எடுத்தார்கள். அதற்குச் சட்டையைத் திறந்து கிடக்க வேண்டியிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஈசிஜியில் ஒன்றுமில்லை. நோ இல்லாத நேரத்தில் எடுத்தால் அதில் என்ன தெரியும் என்று இப்போது சொல்லுகிறேன், அப்போது எனக்குத் தெரியாது. கேஸ்ட்ரிக் குளிசை தந்தார்கள். இரண்டாம் தரம் போனபோது, மனதில் ஏதும் யோசனை இருக்கிறதா அம்மா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேறென்ன சொல்லுவது.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கத் தொடங்கியிருந்தது. வளவு கூட்டும்போது அது வருவதில்லை. மா இடிக்கும்போதும் வரவில்லை. மீன் வாங்க வேகமாக நடந்தால் சில நாள் வரும், சில நாள் வராது. அக்கா வீட்டுப் படலையில் ஒரு வாகனம் வந்து நின்றால் மட்டும், கட்டாயம் வரும். வந்தவர்கள் என் முன்னால் நடந்து அக்காவிடம் போவார்கள், என் நெஞ்சு அடிக்கும், பல் நோகும், கொட்டாவி வரும். கொட்டாவி விட்டதற்கு ஒருநாள் அக்கா எல்லோர் முன்னாலும், நித்திரை என்றால் வீட்டில் போய்ப் படு என்று சொன்னாள்.

அன்று அவளுடைய மகள் மெதுவாகவும் இல்லாமல் சொன்னாள், இது சின்னம்மாவுக்கு அம்மாவைப் பார்த்து வந்த வருத்தம் என்று. அக்கா அவளை அதட்டவில்லை. "அவளுக்கும் ஒரு வருத்தம் வேணும்தானே, விடு புள்ள," என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதால் எனக்குத் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நான் யாரிடமும் நோவைச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது என் பொறாமைதான் பல்லுக்குள் போய் இருந்துகொண்டு நோகிறதா என்று எனக்கே தெரியவில்லை. வருத்தமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பொறாமை என்றால் எங்கே போவது? யாராவது கண்டுபிடித்தால் ஊரெல்லாம் சிரிக்கும். ஒருநாள் இந்த நோவிலே செத்துப்போனாலும், பொறாமையில் செத்தவள் என்றுதான் சொல்லுவார்கள் என்று நினைத்தேன்.

கிரானிலிருந்து ஒரு வான் நிறையச் சொந்தக்காரர் வந்த நாளில் அது மோசமானது. அக்கா வழக்கம்போல மணிக்கட்டைக் காட்டினாள். வந்தவர்களில் ஒரு பெண் அழுதாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க இல்லாட்டி இந்த வளவே இல்லை அக்கா என்றாள். நான் பின்வீட்டில் நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். எனக்கு அது வந்துவிட்டது. இந்த முறை போகவும் இல்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கண்டுவிட்டாள். வந்தவர்களை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். அவளிடம் ஒரு சின்னப் போத்தலில், நெஞ்சு நோ வந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை இருந்தது. அதைப் போட்டால் குழாய் விரிந்து நோ நின்றுவிடும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்து, "வாயத் திற புள்ள. நாக்குக்குக் கீழ வை, முழுங்காத," என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். எனக்குக்கூட அவளுடைய குளிசை கிடைத்ததே என்று ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நோ குறையவில்லை. கூடியது. தலை சுடச்சுட, நெஞ்சு முன்னைவிட வேகமாக அடித்தது. எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கதவு நிலையில் நெற்றி பட்டது மட்டும் ஞாபகம்.

கண் விழித்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இரத்தம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் சின்னப் பாதிப்பு இருக்கிற மாதிரித் தெரிகிறது, இதய டொக்டர் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயம் வர முன்னால் நிம்மதி வந்தது. இரத்தம் பொய் சொல்லாதுதானே.

டொக்டரிடம் போன அன்று அக்காவும் கூட வந்தாள். அவளை அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் நோயாளிக் கதிரையில் இருந்தேன், அவள் பக்கத்துக் கதிரையில். டொக்டர் என் மகனின் வயதுக்காரர். எங்கே நோகிறது என்று என்னைப் பார்த்துக் கேட்டார், அக்கா சொன்னாள். எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டார், அக்கா சொன்னாள். பிழையாகவும் சொல்லவில்லை. என் வாயில் பல் இல்லாததை விரலால் காட்டியும் சொன்னாள். அவர் அவளுடைய வலையைப் பற்றியும் விசாரித்தார். எனக்கு அங்கேயே முரசு கூசத் தொடங்கியது.

விழுவதற்கு முன்னால் ஏதும் மருந்து போட்டாரா என்று அவர் கேட்டார்.

"ஒண்டும் போடல்ல ஐயா," என்றாள் அக்கா. "பிளேன்டீ மட்டும்தான் குடிச்சவள்."

நான் அவளைப் பார்த்தேன். தன் மருந்தை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவளை வீட்டுக்கு அனுப்பும்போது தாதி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்கா கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் எழுதத் தொடங்கிவிட்டார்.

"அக்காட குளிசை போட்ட நான்," என்றேன்.

குரல் வெளியே வரவில்லை. அவர் குனிந்து, என்ன அம்மா என்று கேட்டார். திரும்பவும் சொன்னேன். எந்தக் குளிசை என்றார்.

"நாக்குக்குக் கீழ வெக்கிறது."

"போட்டாப் பொறகு நோ குறைஞ்சுதா, கூடிச்சா?"

"கூடிச்சு. அதுக்குப் பொறகுதான் விழுந்த நான்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். அவள் கஷ்டப்பட்டதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் கொடுத்துவிட்டேன் என்று அக்கா சொல்லத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கோபமாக இல்லை. தன் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு, இது எந்தெந்த நேரத்தில் வருகிறது, நடக்கும்போதா என்று கேட்டார்.

"சில நேரம் ஐயா. கூடுதலா வாறது அக்காவப் பாக்க ஆக்கள் வரக்குள்ள."

"அவங்களுக்குத் தேத்தண்ணி அது இது எண்டு நீங்க ஓடித் திரியிறதாலயா இருக்கும்."

ஓம் என்று சொன்னால் போதும். வேலை செய்து களைத்த பாவம் என்று மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். அக்காவும், அதைச் சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆனால் அது உண்மையில்லை. உண்மையில்லாததைச் சொன்னால் இவர் எதைத் தேடுவார்? என்னிடம் கேட்க இனி யாரும் வரப்போவதில்லை என்றும் எனக்குத் தெரிந்தது.

"இல்ல ஐயா. வேல செய்யக்குள்ள வராது. வேல முடிஞ்சு ஒரு மூலையில இருந்து பாத்துட்டு இருக்கக்குள்ளதான்."

"பாத்துட்டு இருக்கக்குள்ள?"

"பொறாமையில," என்றேன்.

மேசைக்குப் பின்னால் கிளினிக் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த தாதி தலையை நிமிர்த்தினார். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் சிரிக்கவில்லை. நெஞ்சு முதலில் அடிக்கிறதா, பல் முதலில் நோகிறதா என்று கேட்டார். முதலில் நெஞ்சு என்றேன். பயந்தாலும் வருமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், குசினியில் ஒருநாள் பாம்பைக் கண்டபோது வந்தது, அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சிலருக்கு இதய நோ நெஞ்சில் வராமல் தாடையில், பல்லில், காதில் வரும் என்றார். பல் இல்லாவிட்டாலும் வரும் என்றபோது மட்டும் கொஞ்சம் சிரித்தார். குழாய்க்குள் மருந்து விட்டுப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது ஓட்டோ பாலத்தில் ஏறியது. அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என்னில அவ்வளவு பொறாமையா புள்ள உனக்கு?"

"ஓம்," என்றேன்.

அவள் வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வளவு வந்ததும் இறங்கி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்வீட்டுக்குள் போனாள். அந்தக் கிழமை முழுக்க இறால் கோப்பை வரவில்லை.

படம் பிடிக்கிற அன்று அவள் வரவில்லை. மகன் வெல்லாவெளியிலிருந்து வந்து நின்றான். அக்காவுக்குச் செய்தது போலவே எனக்கும் மணிக்கட்டால் குழாய் விட்டார்கள். பக்கத்தில் இருந்த திரையில் என் இதயத்தின் குழாய்களைக் காட்டினார்கள். டொக்டர் ஓரிடத்தைக் காட்டி, பாருங்கள் அம்மா என்றார். வட்டைக்குத் தண்ணீர் இறைக்கிற றப்பர்க் குழாயை ஒருவர் காலால் மிதித்து மிதித்து எடுப்பது போல, இதயம் அடிக்கிற ஒவ்வொரு தரமும் அந்த இடம் நசிந்து, பிறகு விரிந்தது. எனக்கு அடைப்பு ஒன்றுமில்லை. அந்தக் குழாய் இதயத்தின் மேலால் போக வேண்டியதாம். எனக்குக் கொஞ்சத் தூரம் தசைக்குள் இறங்கிப் போய், பிறகு மேலே வருகிறதாம். பிறக்கும்போதே அப்படி. அந்த மாதிரி உள்ள பலருக்கு ஒரு கரைச்சலும் இராது, எனக்கு ஆழமாகவும் நீளமாகவும் இருக்கிறது, இப்படிப் பல் நோவாக வந்து காட்டுவது குறைவு என்றார். நெஞ்சு வேகமாக அடித்தால் தசை இறுக்கிப் பிடிக்கும். கோபமோ பயமோ பொறாமையோ, எதில் அடித்தாலும் அதற்கு ஒன்றுதான். அக்காவின் குளிசை அவளுடைய குழாய்க்கு நல்லது, என்னுடையதை இன்னும் நசிய விட்டுவிடும். குளிசை போட்டதை நீங்கள் சொன்னபடியால்தான் இந்தப் பக்கம் யோசித்தேன் என்றார்.

பிறகு படிக்கிற பிள்ளைகள் கொஞ்சப் பேரைக் கூட்டிவந்து, என் கட்டிலைச் சுற்றி நிறுத்தி, எல்லாவற்றையும் என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் முகமெல்லாம் சுட்டது. என்றாலும் சொன்னேன். ஒரு பிள்ளை என் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தாள். அது எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

இதயத்தை மெதுவாக அடிக்க வைக்கிற குளிசை தந்தார்கள். நாக்குக்குக் கீழே வைக்கிறதை ஒருபோதும் போடக் கூடாது என்று கிளினிக் துண்டில் பெரிதாக எழுதினார்கள். நோ மிகவும் குறைந்துவிட்டது. வேகமாக ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் நான் முன்னும் வேகமானவளில்லை.

செய்தி பரவியதும் ஆட்கள் வந்தார்கள். என்னைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஆனால் முன்வீட்டைத் தாண்டித்தானே பின்வீட்டுக்கு வர வேண்டும். அக்கா அவர்களை அங்கேயே இருத்திவிட்டு, அவர்களோடு கதைத்து முடித்து, பிறகு தானே கூட்டிவந்தாள். எங்களுக்குள் ஓட்டோவில் நடந்த கதைக்குப் பிறகு அதுதான் அவள் முதல் தரம் என் வீட்டுக்குள் கால் வைத்தது. என் கட்டிலில் என் பக்கத்திலேயே இருந்துகொண்டு, தங்கச்சிக்கு வந்திருப்பது லேசில் யாருக்கும் வராத வருத்தம் என்று தொடங்கினாள். குழாய் தசைக்குள் போனதை என்னைவிட அழகாகச் சொன்னாள். வந்தவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வருத்தத்தைக்கூட அவள்தான் சொல்லுகிறாள், அதுவும் என் கட்டிலில் இருந்துகொண்டு. எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது.

அவள் கதை டொக்டரின் அறைக்கு வந்துவிட்டது. குளிசையைப் பற்றி அவர் கேட்டாராம். "நான் உடன சொன்னன், ஐயா, என்ட குளிசையக் குடுத்த நான், அதுக்குப் பொறகுதான் கூடினது எண்டு."

"அக்கா," என்றேன். "அதச் சொன்னது நான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அதை மூடிக்கொண்டு, கட்டிலில் கொஞ்சம் தள்ளி இருந்தாள். வந்திருந்த பெண்களில் ஒருத்தி, நீங்கள் என்ன சொன்னீர்கள் அம்மா என்று என்னிடம் கேட்டாள். எல்லோருடைய கண்ணும் என் மேல். முரசில் மெல்லத் தொடங்கி, காதுக்குப் பின்னால் ஏறியது. கொட்டாவி ஒன்று வந்தது. அதைக் கையால் பொத்தி, முடியும் வரை அவர்களைக் காத்திருக்க வைத்தேன்.

பிறகு, பல் டொக்டரிடம் போனதிலிருந்து தொடங்கினேன்.